நேட்டாலுக்குச் சென்றவர்களிடம் சில வினாக்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து அரசாங்க ஆவணக் காப்பகத்தில், நேட்டால் நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்திறங்கியவர்களைக் கப்பல் கப்பலாகப் பதிந்து வைத்த ஏடுகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து 342 பேரோடு வந்து சேர்ந்த ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தொடங்கி, 1911இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது வரையில், இவ்வாறு வந்தவர்களின் தொகை 1,52,184 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஏட்டில் ஒரு வரி உண்டு. குடியேற்ற எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள அடையாளக் குறி என்று பத்தும் சொச்சமுமான கலங்களில் ஒரு மனிதப் பிறவியின் முழு விருத்தாந்தமும் அடங்கிவிடுகிறது.

நான்கு தலைமுறை, ஐந்து தலைமுறை கழித்து அவர்களுடைய சந்ததியார் இந்த வரியைத் தேடி வருகிறார்கள். பழைய பிறப்புப் பதிவிலோ விவாகப் பதிவிலோ மூதாதையின் குடியேற்ற எண்ணைக் கண்டு, அந்த எண்ணைக் கொண்டு கப்பலைக் கண்டு, கப்பலைக் கொண்டு வரியைக் கண்டுபிடித்துவிட்டவருக்கு முதலில் உண்டாகும் ஆனந்தம் பெரிது. ஆனால் அந்த ஆனந்தம் தணிவதற்குள்ளாகவே அதிருப்தி தலைகாட்டத் தொடங்கிவிடுகிறது. வலது புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருந்தது என்று ஏடு சொல்லுகிறது. அந்தத் தழும்பு எப்படி உண்டாயிற்று என்று அது சொல்லுவதில்லை. பூர்வீகத்தை ஆராய்வோர் ஒன்று கூடினால், இறந்துபோன மூதாதையருள் ஒருவரோடு ஒரு நாழிகை பேசக் கிடைத்தால் எதைக் கேட்பீர்கள் என்று ஒருவரையொருவர் வினவிக்கொள்வது ஒரு வழக்கம். இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கேட்கத் தகுந்த வினா எது, கேட்டுப் பயனில்லாத வினா எது என்று பகுத்துக்கொள்வதில்தான் இந்த ஆராய்ச்சியின் பாதிப் பலன் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த மூதாதையர் யாராலும் ஒரு வார்த்தை கேட்கப்படாமலே போய்விட்ட ஊமை ஜனங்கள் என்று நாம் நினைப்பது தவறு. அளவுக்கு மீறிக் கேட்கப்பட்டவர்கள் அவர்கள். ஆள் திரட்டும் ஏஜண்டு சந்தையிலும் சத்திரத்திலும் அவர்களை நிறுத்தி, ஊர் எது, உறவு யார், கடன் உண்டா என்று விசாரித்தான். 1883ஆம் ஆண்டின் 21ஆவது சட்டப்படி ஆள் சேர்த்த ஜில்லாவிலேயே ஒரு பதிவு அதிகாரி, ஏஜண்டு அருகில் இராத சமயத்தில், ஒப்பந்தத்தின் ஷரத்துகள் உனக்குப் புரிந்தனவா, மனப்பூர்வமாகப் போகிறாயா என்று அவர்களைக் கேட்க வேண்டியிருந்தது. சென்னை டெப்போவில் வைத்தியர் கேட்டார். குடிபெயர்வோரின் பாதுகாவலர் என்னும் உத்தியோகஸ்தர் கேட்டார். டர்பனில் இறங்கியதும் அங்கேயுள்ள பாதுகாவலரின் குமாஸ்தா துபாஷியை வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். இத்தனை விசாரணைக்கும் அவர்கள் சொன்ன விடைகளின் வண்டலே இன்று நம் கையிலிருக்கும் அந்த ஒற்றை வரி. ஆகவே ஒரு நாழிகை எனக்கு வாய்க்குமானால், “ஏன் போனீர்கள்?” என்று நான் தொடங்கமாட்டேன். “அன்று அந்த உத்தியோகஸ்தர்களிடம் நீங்கள் சொன்னதில் எது மெய், எதை மாற்றிச் சொன்னீர்கள்?” என்பதே என் முதல் வினாவாக இருக்கும்.

மாற்றிச் சொல்வதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. வயதைக் குறைத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள் என்று ஏஜண்டு சொல்லிக் கொடுத்திருப்பான். கடன்காரனுக்கும் பண்ணையாளை வைத்திருந்த மிராசுதாரனுக்கும் தெரியாமல் புறப்பட்டவன் தன் கிராமத்தின் பெயரைச் சொல்லாமல் அடுத்த கிராமத்தின் பெயரைச் சொல்லியிருப்பான். ஜாதியின் கலம் இவற்றிலெல்லாம் மிகவும் ஐயத்துக்கு இடமானது. தொடக்க காலத்து ஏடுகளில் அந்தக் கலத்தில் ‘மலபார்’ என்றும் ‘ஜெண்டூ’ என்றும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். தமிழரை மலபாரிகள் என்றும் தெலுங்கரை ஜெண்டூக்கள் என்றும் துரைத்தனத்தார் வழங்கிய காலம் அது. குமாஸ்தா தமக்குத் தெரிந்ததைத்தான் எழுதினார். விடை தவறாகச் சொல்லப்பட்டதா, தவறாகக் கேட்கப்பட்டதா, தவறாக எழுதப்பட்டதா என்று ஏட்டைப் பார்த்து மட்டும் தீர்மானிக்க இயலாது. பிற்காலத்தில் நேட்டாலில் நாயுடு, பிள்ளை, முதலி, படையாட்சி முதலிய பட்டங்கள் குடும்பப் பெயர்களாக நிலைத்தபோது, கப்பலில் இருந்த ஜாதியும் கரையில் வழங்கிய பட்டமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற நியமம் ஏதும் இருக்கவில்லை. கடல் கடந்ததனால் பழைய அந்தஸ்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதொன்றை அணிந்துகொண்டவர்களை நான் பொய்யர் என்று சொல்லத் துணியமாட்டேன்; ஊரில் அவர்களுக்கு அந்த ஸ்வதந்திரம் ஒருநாளும் கிடைத்திராது. தம் மூதாதை பெரிய குலத்தவர் என்று நிரூபிக்கவே ஏட்டைப் புரட்டும் இக்காலத்தவர் சிலரைக் காணும்போதுதான் எனக்குச் சற்று அலுப்பு உண்டாகிறது.

கிராமத்தின் பெயரோ வேறொரு விதமான சோதனை. நேட்டாலுக்கு மிகுதியாக ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் வட ஆர்க்காடு முதன்மையானது. ஏட்டிலே வட ஆர்க்காடு, சித்தூர் தாலுகா என்று கண்டிருந்தால், அந்தத் தாலுகா 1911இல் தனியாகப் பிரிக்கப்பட்ட சித்தூர் ஜில்லாவோடு போய் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது என்பதை அறியவேண்டும். அவ்வாறு சென்றவற்றுள் திருத்தணி மட்டும் 1960இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. எஞ்சிய வட ஆர்க்காடு 1989இல் இரண்டாகி, அவற்றில் வேலூர் 2019இல் மறுபடியும் மூன்றாயிற்று. ஆங்கிலக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட ‘புதூர்’ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை எல்லைகளுக்குள்ளும் தேடுகிறவன், “உங்கள் ஊருக்கு எந்த ஆறு, எந்தச் சந்தை, எந்த நாளில் சந்தை கூடும்?” என்று மூன்று சிறு வினாக்கள் கேட்கக் கிடைத்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுவான்.

“ஏன் போனீர்கள்?” என்ற பெரிய வினாவுக்கு இப்போது வருவோம். இதற்கு ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பரம்பரை விடை உண்டு. நேட்டாலில் மிளகாய்ச் செடியின் வேரைத் தோண்டினால் பொற்காசு கிடைக்கும் என்று சொல்லி ஏஜண்டு ஏமாற்றி அழைத்து வந்தான் என்பது அந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் பாட்டிமார் வழி வழியாகச் சொல்லி வந்த கதை. ஏமாற்று நடந்தது என்பதில் ஐயமில்லை. தலைக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற ஏஜண்டு மெய் பேசுவதற்கு முகாந்தரம் என்ன இருக்கிறது? ஆயினும், 1,52,184 பேரையும் மிளகாய்ச் செடியொன்றே இழுத்து வந்துவிட்டது என்று கொள்வதற்குச் சரித்திரம் இடம் கொடுக்கவில்லை. 1866இல் நேட்டாலுக்குக் கப்பல் விடுவது நின்றது. 1871இல் ஒப்பந்தம் முடிந்து சென்னைக்குத் திரும்பிய முதல் கூட்டத்தார், கூலி பிடித்ததையும் அடித்ததையும் பற்றி முறையிட்டதன் பயனாக இந்திய அரசாங்கம் கண்டிப்புக் காட்டியது. 1872இல் நேட்டாலில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைந்து, சில சீர்திருத்தங்கள் செய்யப்பட்ட பின்னரே 1874இல் கப்பல்கள் மீண்டும் ஓடின. அதாவது, 1874க்குப் பிறகு புறப்பட்டவர்களின் ஜில்லாக்களில், அங்கே போய் அடிபட்டுத் திரும்பி வந்தவர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். நேட்டால் என்பது என்ன என்று கேள்விப்படாமலே எல்லோரும் போனார்கள் என்று சொல்ல முடியாது. கேள்விப்பட்டும் போனார்கள் என்பது ஏமாற்றப்பட்டுப் போனார்கள் என்பதைக் காட்டிலும் கசப்பான செய்தி.

1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் காலத்துக் கப்பலில் ஏறியவனிடம் போய் ஏன் ஏறினாய் என்று கேட்பது அவனை அவமதிப்பதாகும். முதல் வருஷத்தில் மாதம் 10 ஷில்லிங், பின் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, அரிசியும் பருப்பும் உப்பும் அளந்து கொடுப்பது என்ற ஷரத்தில், அவன் காதில் விழுந்திருக்கக் கூடிய சொல் அரிசி ஒன்றுதான். 1890களிலோ 1900களிலோ நல்ல மழை பெய்த ஒரு வருஷத்தில் புறப்பட்டவன் கதை வேறு. அவன் விஷயத்தில் பங்காளிச் சண்டை, கடன், ஜாதிக் கொடுமை, விவாகத்தில் விரோதம், அல்லது சும்மா உலகத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை என்று பல அனுமானங்களுக்கு இடமுண்டு. ஆதலால் ‘ஏன்’ என்பதை விடுத்து, “நீங்கள் புறப்பட்ட மாதத்தில் உங்கள் சந்தையில் கேழ்வரகு என்ன விலை விற்றது?” என்று கேட்பது உத்தமம். மூதாதை வாய் திறக்காவிட்டாலும், அந்த வினாவுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ஜில்லா தஸ்தாவேஜுகளில் விடை தேட வழியிருக்கிறது.

பெண்களின் வரிகளுக்கு வரும்போது ஆராய்வோரின் பேனா தயங்குகிறது. 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது கப்பலில் இருக்கவேண்டும் என்ற விதி பிற்காலத்தில் ஏற்பட்டபடியால், பெண்களைச் சேர்ப்பதில் ஏஜண்டுகள் விசேஷ முயற்சி எடுத்துக்கொண்டார்கள். கணவனோடும் பெற்றோரோடும் சென்றவர்கள் போக, தன்னந்தனியாகவோ ஒரு கைக்குழந்தையோடோ பதிவாகியிருக்கும் ஸ்திரீகள் ஒவ்வொரு கப்பலிலும் உண்டு. குடும்பத்தாரின் கதையில் இவள் பெரும்பாலும் விதவையாகிவிடுகிறாள். திருவிழாக் கூட்டத்தில் வழி தவறிப்போனவளாகவோ, கடத்தப்பட்டவளாகவோ ஆகிவிடுகிறாள். பாரதியார் பிஜித் தீவின் ஹிந்து ஸ்திரீகளைக் குறித்துப் பாடிய பாட்டின் வலிமையினால், கரும்புத் தோட்டத்துப் பெண் என்றாலே கண்ணீரும் கம்பலையுமாக நிற்கும் உருவம் ஒன்றுதான் நம் மனத்தில் எழுகிறது. அந்தக் கண்ணீர் பொய்யன்று. தோட்டங்களில் பெண்கள் பட்ட துன்பத்துக்குப் பாதுகாவலரின் கோப்புகளே சாட்சி. எனினும் கொடியவனான கணவனை விட்டோ, மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்த மாமியார் வீட்டை விட்டோ, தானே தீர்மானித்துப் புறப்பட்டவள் ஒருத்தியும் இருந்திருக்கமாட்டாள் என்று நாம் ஏன் நினைக்கவேண்டும்? கையில் குழந்தையோடு பதிவு அதிகாரியின் முன் நின்று, மனப்பூர்வமாகப் போகிறாயா என்ற கேள்விக்கு ஆம் என்று அவள் சொன்னாளென்றால், அந்த ஊரில் அவளை அவ்வாறு கேட்ட முதல் மனிதர் அந்த அதிகாரியாகவே இருந்திருக்கவும் கூடும்.

இவளிடம் கேட்க விரும்புவது, குழந்தையின் தகப்பன் யார் என்பது. கேட்கலாமா என்பதுதான் எனக்குள்ள சங்கடம். அந்தக் குழந்தையின் வழியாக வந்த நூற்றுக்கணக்கான சந்ததியாருக்கு அது தம் ரத்தத்தைப் பற்றிய வினா. அவளுக்கோ அது ஊரை விட்டே ஓடி மறைத்த விஷயம். டெப்போவில் கப்பலுக்குக் காத்திருந்த வாரங்களில் முன்பின் அறியாத ஒருவனைத் துணையாக்கிக்கொண்டு, டர்பனில் இறங்கும்போது கணவன் மனைவி என்று பதிந்துகொண்டவர்களும் உண்டு. அவ்வகைத் தம்பதியரில் ஒருத்தி, தன் பேரப்பிள்ளைகள் வந்து பழைய தகப்பனைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாள்? சொல்லாதிருக்கும் உரிமை இறந்தவர்களுக்கும் உண்டு என்று சிலர் வாதிக்கிறார்கள். நானும் பெரும்பாலும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனே. ஆனால் தாயாதிகளின் நோயை அறிய வைத்தியர் கேட்கும் காலத்தில் அந்த வாதம் முன்போல அசையாமல் நிற்பதில்லை.

அநேகமாக விடை கிடைக்கக் கூடிய ஒரு வினா உண்டு. அதை முதலில் கேட்பாரைக் காண்பதுதான் அரிது. “வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் யார்?” என்பது அது. குடியேற்ற எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கப்பட்டவை. கூட்டமாகப் புறப்பட்டவர்கள் கூட்டமாகவே நின்றிருப்பார்கள் என்பது இயல்பு. ஆகையால் ஒரு மூதாதையின் எண்ணுக்கு மேலே ஐந்து வரியும் கீழே ஐந்து வரியும் படித்தால், அதே தாலுகா, அதே கிராமம், சில சமயம் அதே தகப்பன் பெயர் கொண்டவர்கள் கண்ணில் படக்கூடும். தனியனாக வந்தவன் என்று மூன்று தலைமுறையாகக் கருதப்பட்டவனுக்கு ஒரு தம்பி இருந்ததும், அந்தத் தம்பி வேறொரு தோட்டத்துக்கு அனுப்பப்பட்டதும் இவ்வகையில்தான் வெளிப்படும். தோட்ட முதலாளிகளின் தேவைக்கேற்பக் கப்பல் கூட்டம் பிரித்துக் கொடுக்கப்பட்டபோது, கிராமத்து உறவு ஒரு நாளில் சிதறியது. ஆனாலும் ஒரே கப்பலில் வந்தவர்கள் தமக்குள் உடன்பிறப்பு முறை பாராட்டி, பிள்ளைகளுக்குப் பெண் கொள்வதையும் கொடுப்பதையும் தவிர்த்த குடும்பங்கள் உண்டு. இக்கப்பல் ஏடுகளை ஆதாரமாகக் கொண்டு சுரேந்திர பானா 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். அஷ்வின் தேசாயும் குலாம் வாஹேதும் பாதுகாவலரின் கோப்புகளிலிருந்து கூலிகளின் முறையீடுகளைத் தொகுத்து ஒரு பெரிய நூல் எழுதியிருக்கிறார்கள். அம்முறையீடுகளைப் படிக்கையில் ஒரு விபரீத நியாயம் புலப்படுகிறது: அடிபட்டவன், கூலி மறுக்கப்பட்டவன், தப்பியோடிப் பிடிபட்டவன் ஆகியோருக்கே ஆவணத்தில் குரல் இருக்கிறது. 1894இல் பற்கள் உடைந்து ரத்தம் வழியக் காந்தியடிகளிடம் வந்து நின்றதனால் பாலசுந்தரத்தை உலகம் அறிந்தது. ஒரு வம்பும் இல்லாமல் ஐந்து வருஷம் கரும்பு வெட்டிவிட்டுக் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தவன் ஒரு வரியோடு நின்றுவிட்டான்.

ஏட்டிலே இல்லாத இன்னொரு கலத்தையும் குறிப்பிட வேண்டும். துரைத்தன உத்தியோகஸ்தர் யாரும், “உன் குலதெய்வம் எது, அது எந்த ஊரில் இருக்கிறது?” என்று கேட்டதாகக் காணோம். தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் பூர்வீகத்தைக் கண்டறிய இதைப் போன்ற வினா வேறில்லை. ஊரை விட்டுப் போனவனும், பட்டா நிலம் ஒரு காணியும் இல்லாததால் ரெவினியூக் கணக்கில் தலைகாட்டாதவனும், வருஷத்துக்கு ஒரு முறை பொங்கல் வைக்கும் அந்த இடத்தில் பங்காளிகளோடு வரி கொடுத்தவனாக இருப்பான். நேட்டாலில் மாரியம்மனுக்கு ஆடி மாதத்தில் கூழ் வார்ப்பது இன்றும் நடக்கிறது. இஸிபிங்கோ மாரியம்மன் கோவிலில் பெரிய வெள்ளிக்கிழமை விடுமுறையின்போது பெருங்கூட்டம் கூடுகிறது. ஆனால் மாரியம்மன் எல்லோருக்கும் பொது. ஐயனார், முனீசுவரன், பச்சையம்மன், மன்னாதன் என்று ஒரு கிளைக்கு மட்டுமே உரிய பெயரும் அதன் ஊரும் நினைவில் தங்கியிருக்கிற குடும்பம் பாக்கியசாலி.

ஏடே இல்லாதவர்களின் கதி இதனினும் கடினம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் ஒப்பந்தக் கூலிகளல்லர். கங்காணியின் துண்டுக் கணக்கில் அடங்கியவர்கள். நேட்டாலைப் போல ஆளுக்கு ஒரு வரி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கேயோ 1948ஆம் ஆண்டின் 18ஆவது குடியுரிமைச் சட்டம், தகப்பனாவது, அல்லது பாட்டனும் முப்பாட்டனுமாவது இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்டும்படி அவர்களைக் கேட்டது. “பாட்டனாரே, எங்கே பிறந்தீர்கள்?” என்று வம்ச ஆராய்ச்சிக்காரன் ஆசையோடு கேட்கும் வினாவை, தோட்டத்துத் தொழிலாளியிடம் ஒரு அரசாங்கம் நிபந்தனையாகக் கேட்டது, விடை சொல்லக் காகிதமின்றிப் பல லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது.

நேட்டாலிலிருந்து வரியும் எண்ணுமாகப் புறப்பட்டு வந்து, கடைசியில் கிராமத்தைக் கண்டுபிடித்துவிடுகிறவருக்கு அங்கே எதிர்பாராத ஒரு வரவேற்பு காத்திருப்பதுண்டு. அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்த பெரியவர்கள், சற்று நேரம் பேசியபின், பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறாரோ என்று தமக்குள் பார்வை பரிமாறிக்கொள்கிறார்கள். இதைக் கண்டு மனம் நோக வேண்டியதில்லை. ஒப்பந்தம் ஐந்து வருஷம்; ஆனால் திரும்பி வர இலவசக் கப்பல் பிரயாணம் கிடைக்கவேண்டுமானால் பத்து வருஷம் அந்நாட்டில் இருந்தாக வேண்டும் என்பது நெடுங்காலம் நேட்டாலில் இருந்த சட்டம். ஒருவனைப் பற்றி ஏழு வருஷகாலம் தகவல் ஏதுமில்லையானால், அவன் உயிரோடிருக்கிறான் என்று சொல்பவரே அதை நிரூபிக்கவேண்டும் என்றது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 108ஆவது பிரிவு. கடிதம் எழுதத் தெரியாமலும் எழுதிக் கொடுக்க ஆளில்லாமலும் இருந்த ஒருவன், இலவசப் பிரயாணத்துக்கு அருகனாவதற்கு மூன்று வருஷம் முன்பே, உயிரோடிருப்பதாகத் தன் ஊர்க் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளும் அனுகூலத்தை இழந்துவிடுகிறான். அவன் அண்ணன் அந்த ஏழாவது வருஷத்தில் நிலத்தை என்ன செய்தான், அவனுடைய மனைவி ஊரிலே இருந்தாளானால் அவள் தாலியை என்ன செய்தாள் என்பவை நேட்டாலுக்குப் போனவனிடம் கேட்டுப் பயனில்லாத வினாக்கள். அவற்றுக்கு விடை வட ஆர்க்காட்டிலும் தஞ்சாவூரிலும் தங்கிவிட்டவர்களின் பத்திரங்களிலும், ஜில்லா கோர்ட்டுகளின் பாகப்பிரிவினை வழக்குகளிலும் இருக்கிறது. டர்பன் ஏட்டோடு அவற்றை வைத்து ஒப்புநோக்கும் வேலையைத் தமிழ்நாட்டார்தான் மேற்கொள்ள முடியும்.